கறுப்புத் திரை தாத்தாக்களுக்கு இல்லையாம்!

கம்ப்யூட்டரில் கறுப்புத் திரையைத் திறந்து கட்டளை தட்டுவதெல்லாம் வயதானவர்களுக்கு எதற்கு, படத்தின் மேல் இரண்டு முறை சொடுக்கினால் திறந்துவிட்டுப் போகிறது என்று சொல்கிறவர்கள் பெருகிவிட்டார்கள். மகன் சொல்கிறான், பேத்தி சொல்கிறாள், கம்ப்யூட்டர் கடைப் பையன் சொல்கிறான். மாலையில் என்னோடு கடற்கரைச் சாலையில் நடக்க வருகிற என் வயதுக்காரர்களே, "உமக்கு எதுக்கு மிசே இந்த வேண்டாத வேலை?" என்கிறார்கள். அவர்கள் எல்லோருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லி அலுத்துவிட்டது. ஆகவே மொத்தமாக இங்கே.

என் கட்சி இதுதான். வீட்டில் ஒரு கம்ப்யூட்டரில் குடும்பத்துக்குப் பொதுவாக ஒரு ஃபோல்டர் இருக்கிறது. அதை இன்னொரு கம்ப்யூட்டரில் திறக்க வேண்டும். அந்த வேலையை எழுதிய ஒரு வரியால் செய்ய வேண்டும். இளைஞர்களுக்குப் படம் போதும், அவர்களுக்கு ஞாபகம் இருக்கிறது, கேட்க ஆள் இருக்கிறது. எழுதிய வரி தேவைப்படுவது நமக்குத்தான். நமக்குப் பின்னால் வீட்டில் இருக்கப்போகிறவர்களுக்குத்தான்.

விஷயம் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. அலுவலகத்தில் ரெக்கார்ட் ரூம் ஒன்றுதான் இருக்கும், செக்‌ஷன்கள் பத்து இருக்கும். செக்‌ஷனில் உட்கார்ந்திருப்பவனுக்குக் கோப்பு வேண்டுமென்றால் துண்டுச் சீட்டு எழுதி அனுப்புவான்: இன்ன வருஷம், இன்ன எண், கேட்பவர் இன்னார். சீட்டு போகும், கோப்பு வரும். பொது ஃபோல்டரை மவுன்ட் செய்வது ஏறக்குறைய இதுதான். ஒரு வித்தியாசம்: கோப்பு இடம்விட்டு வருவதில்லை. ரெக்கார்ட் ரூம் கதவே உங்கள் மேசைப் பக்கத்தில் வந்து திறந்துகொள்கிறது. அங்கேயே படிக்கலாம், எழுதலாம், திரும்ப வைக்கலாம்.

மவுன்ட் என்ற சொல்லை முதலில் கேட்டபோது எனக்கு எங்கள் பிரெஞ்சு வாத்தியார் ஞாபகம்தான் வந்தது. 'மோந்தே' என்ற ஒரு வினைச்சொல்லுக்கு ஒரு பக்கம் முழுக்க அர்த்தம் எழுதவைத்தவர் அவர். மாடிப்படி ஏறுவதும் மோந்தே, குதிரை மேல் ஏறுவதும் மோந்தே, மேசையின் பாகங்களைப் பூட்டி நிறுத்துவதும் மோந்தே, மோதிரத்தில் கல் பதிப்பதும் மோந்தே. பிரெஞ்சுக்காரர்கள் இந்தக் கம்ப்யூட்டர் வேலைக்கும் அதே சொல்லைத்தான் வைத்துக்கொண்டார்கள். எனக்குக் கடைசி அர்த்தம்தான் பொருத்தமாகப் படுகிறது. மோதிரம் இங்கே, கல் வேறு இடத்திலிருந்து வருகிறது; பதித்த பிறகு ஒரே நகை. 1971-இல் வந்த முதல் யூனிக்ஸ் கையேட்டிலேயே மவுன்ட் கட்டளை இருக்கிறது. அந்தக் காலத்தில் வட்டுக் கட்டை ஆள் தூக்கிக்கொண்டுபோய் இயந்திரத்தில் பொருத்திவிட்டு, பிறகு 'பொருத்திவிட்டேன்' என்று கட்டளையால் தெரிவிப்பார்கள். வட்டைத் தூக்குகிற வேலை போய்விட்டது, சொல் நின்றுவிட்டது.

இனி, எனக்குக் கோபம் வந்த கதை.

என்னோடு ஒரே செக்‌ஷனில் பல வருஷம் இருந்த நண்பர் காலமானார். ஒழுங்கான மனிதர். ஓய்வுபெற்ற பிறகு வீட்டுப் பத்திரம், வரி ரசீது, பி.பி.ஓ., பிள்ளைகளின் சான்றிதழ் என்று எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து மாடியறை கம்ப்யூட்டரில் போட்டு, அதைக் கீழே இருக்கும் லேப்டாப்பில் திறக்கும்படி செய்துவைத்திருந்தார். அவர் மனைவிக்குக் குடும்ப ஓய்வூதியம் மாற்றும் நேரத்தில் நம் ஊருக்கே உரிய அந்தப் பழைய சங்கடம் வந்தது: எத்தா சிவில் பதிவில் பெயர் பிரெஞ்சு எழுத்துக்கூட்டலில், பி.பி.ஓ.வில் ஆங்கில எழுத்துக்கூட்டலில். இரண்டும் ஒரே ஆள்தான் என்று அவர் முன்பே ஒரு சான்று வாங்கிவைத்திருந்தார். அசல் எந்தப் பெட்டியில் இருக்கிறதென்று தெரியவில்லை. நகல் அந்த ஃபோல்டரில். ஃபோல்டரின் படத்தின் மேலோ ஒரு சிவப்புப் பெருக்கல் குறி.

கடையிலிருந்து ஒரு பையன் வந்து பார்த்தான். சொடுக்கினான், திறக்கவில்லை. இன்னொரு முறை சொடுக்கினான். "டிஸ்க் போயிடுச்சும்மா, டேட்டா ரெக்கவரிக்கு வெளியூர் அனுப்பணும்" என்று ஒரு தொகை சொல்லிவிட்டுப் போனான். மாடிக்கு ஏறிப் பார்க்கக்கூட இல்லை. அந்த அம்மாள் இரண்டு மாதம் அலுவலகத்துக்கும் வங்கிக்கும் அலைந்தார்கள். பிறகுதான் எனக்குப் போன் வந்தது: "அண்ணே, எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல போட்டுவெச்சிருக்கேன்னு அவரு சொல்லிட்டே இருப்பாரு. இப்ப அதுவும் அவரோடவே போயிடுச்சுன்றாங்க."

போய்ப் பார்த்தேன். லேப்டாப்பில் கறுப்புத் திரையைத் திறந்து 'நெட் யூஸ்' என்ற இரண்டே சொல்லைத் தட்டினேன். வேறு எதுவும் சேர்க்காமல் அப்படித் தட்டினால், இந்த இயந்திரம் எந்தெந்த வெளி ஃபோல்டரை எங்கே தேடுகிறது என்று அதுவே பட்டியல் கொடுக்கும். கொடுத்தது: இசட் டிரைவ், முகவரி 192.168.1.20, நிலை 'அன்அவைலபிள்'. மாடிக்குப் போய் அந்தக் கம்ப்யூட்டரின் முகவரியைப் பார்த்தேன்: 192.168.0.104. அவ்வளவுதான் விஷயம். நண்பர் இறந்த பிறகு மகன் ஊரிலிருந்து வந்து இன்டர்நெட் இணைப்பை வேறு கம்பெனிக்கு மாற்றிவிட்டுப் போயிருக்கிறான். புது ரவுட்டர், புதுக் கதவு எண்கள். லேப்டாப் மட்டும் பழைய கதவு எண்ணிலேயே தட்டிக்கொண்டு நின்றிருக்கிறது.

புது எண்ணைப் போட்டு வரியைத் தட்டினேன். உடனே திறக்கவில்லை, பிழை எண் 53 வந்தது. 'பாதை கிடைக்கவில்லை' என்று அதற்குப் பொருள். அதாவது கடவுச்சொல் வரைக்கும் விஷயம் போகவே இல்லை, வாசலிலேயே நிற்கிறது. மாடிக் கம்ப்யூட்டர் புது இணைப்பைப் பார்த்ததும் அதைப் பஸ் ஸ்டாண்ட், ரயில்வே ஸ்டேஷன் போலப் 'பப்ளிக்' என்று எடுத்துக்கொண்டு தன் கதவைச் சாத்திக்கொண்டிருந்தது. நெட்வொர்க் செட்டிங்கில் அதைப் 'பிரைவேட்' என்று மாற்றிவிட்டு, அதே வரியை மறுபடி தட்டினேன். கடவுச்சொல் கேட்டது. நண்பரின் டைரியில் அது இருந்தது. ஃபோல்டர் திறந்தது. சான்றின் நகல், எண், தேதி எல்லாம் இருந்தன. மொத்தம் 20 நிமிஷம், அதில் பாதி மாடிப்படி ஏறி இறங்கியதில் போனது.

டிஸ்க் போய்விட்டது என்றானே, அந்தப் பையன் பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை. அவனுக்குத் தெரிந்தது படம் மட்டும். படம் திறக்கவில்லை என்றால் அவனுக்கு உலகமே முடிந்தது. சிவப்புப் பெருக்கல் குறி என்ன சொல்கிறது? ஒன்றும் சொல்லவில்லை. 'ஐயா சீட்டில் இல்லை' என்று சொல்லும் பியூனைப் போல. ஐயா லீவா, டூரா, டீ குடிக்கப் போனாரா, ரிட்டையர் ஆகிவிட்டாரா என்பதெல்லாம் நீங்கள் கேட்டாலும் வராது.

கட்டளை வரி அப்படி இல்லை. திருப்பி அனுப்பினாலும் காரணம் எழுதித் திருப்பி அனுப்பும். நம் ஆடிட் அப்ஜெக்‌ஷன் போல. 53 வந்தால் கம்ப்யூட்டரையே எட்ட முடியவில்லை: அது அணைந்திருக்கிறது, அல்லது முகவரி மாறியிருக்கிறது, அல்லது கதவு சாத்தியிருக்கிறது. 67 வந்தால் பெரும்பாலும் வீடு கிடைத்துவிட்டது, அந்தப் பெயரில் அறை இல்லை. ஃபோல்டர் பெயரின் எழுத்தைச் சரிபாருங்கள். 86 என்றால் கடவுச்சொல் தப்பு. 5 என்றால் உங்களுக்கு அனுமதி இல்லை. 85 என்றால் இசட் என்ற எழுத்தை வேறு ஏதோ ஏற்கெனவே பிடித்துவைத்திருக்கிறது. 1219 ஒரு விசித்திரமான ஆள்: அதே கம்ப்யூட்டருக்குள் ஒரே நேரத்தில் இரண்டு பெயரில் நுழையப் பார்க்கிறீர்கள் என்கிறார், பழைய இணைப்பைத் துண்டித்துவிட்டு வாருங்கள் என்கிறார். இந்த ஆறு எண்ணைக் காலண்டர் அட்டையின் பின்பக்கம் எழுதி மாட்டிவைத்தால் வீட்டுச் சிக்கலில் முக்கால்வாசி தீர்ந்துவிடும். சம்பளப் பில்லில் கணக்குத் தலைப்புகளின் எண்களை மனப்பாடமாக வைத்திருந்த நமக்கு ஆறு எண் ஒரு பாரமா?

வரியைத்தான் கொஞ்சம் பிரித்துப் பாருங்களேன். இங்கே நான் தமிழில் எழுதுகிறேன், தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள். விண்டோஸில் அது இப்படி இருக்கும்:

நெட் யூஸ் இசட்: \\192.168.0.104\குடும்பம் * /யூசர்:பெயர்

முதல் இரண்டு சொல், என்ன செய்ய வேண்டும் என்பது. இசட், எங்கே கொண்டுவந்து வைக்க வேண்டும் என்பது. அடுத்த எண், யாரிடமிருந்து. 'குடும்பம்' என்பது எந்த அறை. கடைசியில், கேட்பவர் யார். துண்டுச் சீட்டில் நாம் எழுதிய அதே விவரங்கள்! நடுவில் இருக்கும் நட்சத்திரக் குறிக்கு, 'கடவுச்சொல்லை என்னிடம் கேட்டு வாங்கு' என்று அர்த்தம். அந்த இடத்தில் கடவுச்சொல்லையே எழுதுகிற சோம்பேறிகள் இருக்கிறார்கள். எழுதினால் அது திரையில் நிற்கும், பக்கத்தில் நிற்கிறவன் படிப்பான். லினக்ஸில் இன்னும் மோசம், தட்டிய வரிகளை எல்லாம் அது ஒரு கோப்பில் சேமித்துவைக்கும். நட்சத்திரம் போடுங்கள்.

வேலை முடிந்தால் 'நெட் யூஸ் இசட்: /டிலீட்'. டிலீட் என்ற சொல்லைப் பார்த்து என் மனைவி முதல் நாள் கையை எடுத்துக்கொண்டாள். அழிவது இணைப்பு மட்டும்தான். உள்ளே இருக்கும் கல்யாண போட்டோ ஒன்றுக்கும் சேதமில்லை. இப்போது அவளே தட்டுகிறாள், நான் எழுத்துக்கூட்டினால் கோபித்துக்கொள்கிறாள். இன்னொன்று: கறுப்புத் திரையை 'அட்மினிஸ்ட்ரேட்டராக' திறந்து இந்த வரியைத் தட்டாதீர்கள். தட்டினால் வெற்றி என்று சொல்லும், ஆனால் சாதாரண ஃபோல்டர் ஜன்னலில் இசட் தெரியாது. அதிகாரியின் அறையில் திறந்த கதவு குமாஸ்தாவின் பக்கத்திலிருந்து தெரிவதில்லை. அது விண்டோஸிலும் அப்படித்தான்.

பிரான்சிலிருந்து மருமகனோ மச்சானோ கொண்டுவந்து கொடுத்த லேப்டாப் வைத்திருப்பவர்கள் நம் ஊரில் நிறைய. அந்த விசைப்பலகையில் பின்சாய்கோடு எங்கே என்று தேடி நேரத்தைத் தொலைக்க வேண்டாம். வலப்பக்கம் இருக்கும் ஆல்ட் ஜிஆர் விசையை அழுத்திக்கொண்டு, மேல் வரிசையில் 8 இருக்கும் விசையைத் தட்டினால் வரும்.

லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு வரி வேறு. மவுன்ட் என்று தொடங்கி, டி என்ற குறியோடு சிஃப்ஸ் என்ற வகை, பிறகு முகவரி (இங்கே முன்சாய்கோடு), பிறகு எந்தக் காலி ஃபோல்டரில் வந்து பொருந்த வேண்டும் என்பது. கடவுச்சொல்லைத் தனிக் கோப்பில் எழுதி, அதை ரூட் மட்டும் படிக்கும்படி 600 என்று பூட்டிவைத்து, வரியில் அந்தக் கோப்பின் பெயரை மட்டும் சொல்லலாம். இறக்குவதற்கான சொல் 'யூமவுன்ட்'. அன்மவுன்ட் இல்லை, நடுவில் ஓர் 'என்' எழுத்தை அந்தக் காலத்துப் பெரியவர்கள் சிக்கனம் பிடித்துவிட்டார்கள். அந்த ஃபோல்டருக்குள் ஏதாவது திறந்திருந்தால் 'பிஸி' என்று மறுக்கும். மறுக்கட்டுமே. எழுதிக்கொண்டிருக்கும் கோப்பை மேசையிலிருந்து பிடுங்காத ஒருவராவது இருக்கிறாரே.

கட்டளை வரியில் ஆபத்தே இல்லை என்று நான் சொல்லவரவில்லை. மறைக்கக்கூடாத ஒன்று இருக்கிறது. லினக்ஸில் காலி ஃபோல்டர் ஒன்றின் மேல்தான் வெளி ஃபோல்டர் வந்து பொருந்துகிறது. பொருந்தாமல் போய்விட்டாலும் அந்தக் காலி ஃபோல்டர் அங்கேயேதான் இருக்கும், அதே பெயரோடு. கவனிக்காமல் அதற்குள் 2,000 போட்டோவை நகலெடுத்தால், அவை மாடிக் கம்ப்யூட்டருக்குப் போகாது. கீழே இருக்கும் இயந்திரத்திலேயே உட்கார்ந்துகொள்ளும். மறுநாள் சரியாகப் பொருந்தியதும், நேற்றுப் போட்டதெல்லாம் திரைக்குப் பின்னால் மறைந்துவிடும். அழியவில்லை, மறைந்திருக்கிறது, இறக்கினால் தெரியும். இது தெரியாதவன் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிடுவான். நகலெடுப்பதற்கு முன் 'ஃபைன்ட்மன்ட்' என்று ஒரு சொல் தட்டிப் பாருங்கள். எது எங்கே பொருந்தியிருக்கிறது என்று மரம் போல வரைந்து காட்டும். கையெழுத்துப் போடும் முன் இணைப்புகளை எண்ணிப் பார்ப்பது நமக்குப் பழக்கம்தானே.

இதைவிடப் பெரிய ஆபத்தைக் கொண்டுவருகிறவர்கள் கட்டளை தெரியாத கடைக்காரர்கள். இந்த ஃபோல்டர் பகிர்வு எஸ்.எம்.பி. என்ற ஒரு பேச்சுவழக்கில் நடக்கிறது. 1980-களின் தொடக்கத்தில் ஐ.பி.எம். நிறுவனத்தில் பிறந்தது. அதன் முதல் பதிப்பு கிழடாகிப் பூட்டு தேய்ந்துபோய்விட்டது. 2017 மார்ச்சில் மைக்ரோசாஃப்ட் ஓர் ஓட்டையை அடைத்து அறிவித்தது. அடைப்பைப் போட்டுக்கொள்ளாதவர்கள் மேல் அதே ஆண்டு மே 12-ஆம் தேதி 'வான்னாக்ரை' என்ற கிருமி பாய்ந்தது. இங்கிலாந்தில் அரசு ஆஸ்பத்திரிகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்பின. பிரான்சில் ரெனோ கார் கம்பெனி சில தொழிற்சாலைகளை நிறுத்திவைத்தது. அந்த ஆண்டு கடைசியில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து, புதிதாக நிறுவும்போது அந்தப் பழைய பேச்சுவழக்கே இல்லாமல் செய்துவிட்டார்கள்.

நம் கடைப் பையன் என்ன செய்கிறான்? ஒரு பழைய ஸ்கேனர் பேசவில்லை என்றதும் விண்டோஸ் ஃபீச்சர்ஸ் பட்டியலைத் திறந்து, எஸ்.எம்.பி. 1.0 என்ற கட்டத்தில் டிக் போடுகிறான். பிறகு ஃபோல்டருக்கு 'எவ்ரிஒன், ஃபுல் கண்ட்ரோல்'. கடவுச்சொல் கேட்கிறது என்று வாடிக்கையாளர் முணுமுணுத்தால் அதையும் எடுத்துவிடுகிறான். ஸ்கேனர் பேசுகிறது, அவன் 300 ரூபாய் வாங்கிக்கொண்டு போகிறான். வீட்டுக்கு வரும் பேரனின் நண்பன் வை-ஃபை கேட்டு வாங்கினால், அவன் போனிலிருந்து உங்கள் பத்திரத்தைப் படிக்கலாம், அழிக்கலாம். ரெக்கார்ட் ரூம் சாவியை வாசல் வேப்பமரத்தில் மாட்டிவைத்த மாதிரி. இதற்குப் பெயர் வசதி! கட்டளை வரி நம்மை அங்கே நிறுத்திக் கேள்வி கேட்கிறது: யார் பெயரில், எந்தக் கடவுச்சொல்லில்? கேள்வி கேட்பது தொந்தரவு என்றால் ட்ரெஷரியையும் மூடிவிடலாமே.

'தாத்தா, இதெல்லாம் மெத்தப் படித்தவர்கள் வேலை' என்கிறவர்களுக்கு ஒரு சேதி. லினக்ஸ் கம்ப்யூட்டரும் விண்டோஸ் கம்ப்யூட்டரும் ஒரே ஃபோல்டரைப் பகிர்ந்துகொள்ள உதவும் சாம்பா என்ற நிரலை 1991 வாக்கில் தொடங்கியவர் ஆண்ட்ரூ ட்ரிட்ஜல், ஆஸ்திரேலியாவில் கான்பெராவிலிருந்த மாணவர். பெயரையே அகராதியில் எஸ், எம், பி என்ற மூன்று எழுத்தும் அந்த வரிசையில் வரும் சொற்களை ஒரு கட்டளை வரியால் தேடித்தான் பிடித்தார். எப்படி எழுதினீர்கள் என்று கேட்டவர்களுக்கு அவர் சொன்ன உவமை எனக்கு மிகவும் பிடித்தது. பிரெஞ்சு மொழிக்கு அகராதியும் வாத்தியாரும் இல்லை என்று வைத்துக்கொள்வோம். ஒரு பிரெஞ்சு காப்பிக் கடையில் போய் உட்கார்ந்து, யார் என்ன கேட்கிறார்கள், சர்வர் என்ன கொண்டுவருகிறார் என்று குறித்துக்கொண்டே இருந்தால் ரொட்டிக்கும் காப்பிக்கும் என்ன சொல் என்று நாளடைவில் தெரிந்துவிடும் அல்லவா? அப்படித்தான் இரண்டு கம்ப்யூட்டர் பேசிக்கொள்வதை ஒட்டுக்கேட்டு அந்த மொழியைக் கற்றாராம். நம் ஊர் மார்க்கெட்டில் தலைமுறை தலைமுறையாகப் பிரெஞ்சு பேசியவர்கள் எல்லோரும் லிசேயில் படித்தவர்களா என்ன? பிறகு ஐரோப்பிய ஆணையம் வழக்குப் போட்டு மைக்ரோசாஃப்டை மடக்கியதில், 2007 டிசம்பரில் அந்தப் பேச்சுவழக்கின் முறையான ஆவணங்களே 10,000 யூரோவுக்குச் சாம்பாக்காரர்களுக்குக் கிடைத்தன.

அடுத்த எதிர்வாதம், கிளவுட். எல்லாவற்றையும் மேலே ஏற்றிவிடுங்கள், எங்கிருந்தும் பார்க்கலாம் என்கிறார்கள். ஒரு நகல் வெளியே இருக்கட்டும், நான் மறுக்கவில்லை. 2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயலையும், 2024 நவம்பர் 30-ஆம் தேதி ஃபெஞ்சல் மழையையும் பார்த்த ஊர்க்காரன் நான். கம்ப்யூட்டர் பெட்டியைத் தரையிலிருந்து மூன்றடி உயரப் பலகையில் வைத்திருக்கிறேன். ஆனால் வெளியே இருப்பது நகலாக இருக்க வேண்டும், அசலாக இருக்கக்கூடாது. கணக்கு வைத்திருப்பவர் இறந்துபோனால் ஓ.டி.பி. எந்தப் போனுக்கு வரும்? அந்த சிம்மைப் பிள்ளைகள் ரீசார்ஜ் செய்யாமல் விட்டிருப்பார்கள். இந்த வீட்டுப் பத்திரத்தைப் பார்ப்பதற்கு, இந்த வீட்டில் ஐம்பது வருஷம் வாழ்ந்தவள் யாரோ ஒரு முகம் தெரியாத கம்பெனியிடம் தான் இன்னாருடைய மனைவி என்று நிரூபிக்க வேண்டுமா? மாடியில் இருப்பதைத் திறக்க மாடிப்படி ஏறினால் போதும் என்ற நிலைமைக்கு எழுதிய வரிதான் சாவி.

'முகவரி மாறினால் எழுதிய வரியும்தான் செல்லாது' என்று பேத்தி மடக்கினாள். கெட்டிக்காரி. செல்லாதுதான். ஆனால் எது மாறியது என்று வரியில் தெரியும், அந்த ஓர் எண்ணைத் திருத்தினால் போதும். படத்தில் எதைத் திருத்துவது? அதுவும் வேண்டாம் என்றால் ரவுட்டரின் பக்கத்தில் போய், அந்தக் கம்ப்யூட்டருக்கு இந்த எண்தான் என்று நிரந்தரமாக ஒதுக்கிவிடலாம், அல்லது எண்ணுக்குப் பதிலாகக் கம்ப்யூட்டரின் பெயரையே வரியில் எழுதலாம். எங்கள் வீட்டு ரவுட்டரில் ஒதுக்கிக் கொடுத்தவள் அவள்தான்.

எங்கள் வீட்டில் 40 பக்க நோட்டு ஒன்று, கேஸ் புத்தகத்தோடு அதே ஆணியில் தொங்குகிறது. முதல் பக்கத்தில் எந்த இயந்திரத்தை முதலில் போட வேண்டும், இரண்டாவது பக்கத்தில் அந்த ஒரு வரி, பெரிய எழுத்தில், இடைவெளி விடவேண்டிய இடத்தில் எல்லாம் சின்ன வட்டம் போட்டு. மூன்றாவது பக்கத்தில் ஆறு எண்கள். நான்காவது பக்கத்தில் என் மனைவியின் கையெழுத்தில், 'மூன்று தடவை தட்டியும் வராவிட்டால் மோடத்தை அணைத்துப் போடவும், கடைப் பையனைக் கூப்பிட வேண்டாம்' என்று இருக்கிறது. கடவுச்சொல் அந்த நோட்டில் இல்லை. அது எங்கே இருக்கிறது என்று வீட்டில் இரண்டு பேருக்குத் தெரியும், நீங்கள் கேட்கவேண்டாம்.